ஆறுக்குக் கீழே ஒரு பொட்டு

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பொம்பளைகள் பயந்துபோய் உளறியிருப்பார்கள்" என்று எவனாவது நடுவில் வாயைத் திறந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆபீசர் ஒருவர் எழுதிய காகிதம் இருக்கிறது. அதில் தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. சர்க்கார் காகிதத்துக்கு எந்தப் பேயைக் கண்டு பயம்?

பேய் என்றால் ராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்றுதானே நினைப்பீர்கள்? இது பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்தது. உச்சிப்பொழுது. கீழே வடசேரிச் சந்தையில் வாழைக்குலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமெல்லாம் மாடிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

1953-ஆம் வருஷம். நாகர்கோவில் அப்போது திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தது. வடசேரிச் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடியில் பொன்னுலிங்கம் என்பவர் வாட்ச் கம்பெனி நடத்தினார். யுத்தம் முடிந்ததும் பட்டாளம் கழித்துப்போட்ட வாட்சுகளையும் டைம்பீசுகளையும் மூட்டை மூட்டையாக வாங்கி வருவார். டயலில் உள்ள பழைய எண்களைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ரேடியம் பூசி விற்பார். இருட்டில் பச்சையாக மின்னும். மாப்பிள்ளைக்கு ரேடியம் வாட்ச் போட்டோம் என்று சொல்வது அந்தக் காலத்தில் பெண் வீட்டாருக்குப் பெரிய பெருமை.

எண் எழுத நல்ல கை வேண்டும். அதனால் ரேந்தை என்கிற லேஸ் பின்னுகிற பெண்களாகப் பார்த்துக் கூப்பிட்டார். அதில் முதலில் வந்தவள் ஜெபகனி. முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அப்பனும் அம்மையும் போன பிறகு தங்கச்சி தேவகனியைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்குப் பின்னால் லீமா வந்தாள், சொர்ணம்மாள் வந்தாள், இராஜாக்கமங்கலத்திலிருந்து செல்லபாய் வந்தாள்.

ரேந்தைக்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊசியில் நூல் கோர்க்கும் முன் நூல் முனையை உதட்டில் வைத்து ஈரமாக்கி இழுப்பாள். 'ம்ச்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். முனை கூராகிவிடும். பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்தார்கள், அதைத்தான் செய்தார்கள். ரேடியம் பூசுகிற பிரஷில் மூன்று எண் எழுதுவதற்குள் மயிர் பிரிந்துவிடும். எண் தடித்துப் போனால் முதலாளி டயலைத் தூக்கி முகத்தில் எறிவார். ஜெபகனிதான் முதலில் பிரஷை உதட்டுக்குக் கொண்டுபோனாள். ம்ச். முனை ஊசி மாதிரி வந்தது. "இப்படிச் செய்யுங்கட்டீ" என்று மற்றவர்களுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தையை அவள் பிறகு எத்தனை நாள் நினைத்து நினைத்து அழுதாள் என்பது எனக்குத் தெரியும்.

முதலாளி அதைப் பார்த்தார். தடுத்தாரா? சிரித்தார். "நல்லதுதான். ரேடியம் ஒடம்புக்கு மருந்தாக்கும். சீமையில தண்ணில கலக்கிக் குடிக்கான்" என்றார்.

ஆனால் ரேடியம் வருகிற அந்தத் தகரப்பெட்டியை அவர் ஒருநாளும் வெறுங்கையால் தொட்டதில்லை. கைலேஞ்சி, அதாவது கைக்குட்டை, சுற்றித்தான் எடுப்பார். வாசற்படியில் நின்றே பேசுவார். உள்ளே வந்து உட்கார மாட்டார். மருந்தாமே! மருந்தைத் தொட எவனாவது கைலேஞ்சி தேடுவானா? அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பின்பக்கம் ஒரு இருட்டறை உண்டு. ஜன்னல் கிடையாது. வாசலில் கறுப்புத் திரை. காலையில் பூசிய டயல்களைத் தட்டில் அடுக்கி, உச்சி நேரத்தில் ஜெபகனி உள்ளே போய், விளக்கை அணைத்து, எல்லாம் ஒரே மாதிரி மின்னுகிறதா என்று பார்ப்பாள். ஒரு தட்டுக்கு இருபத்திநாலு டயல்.

செல்லபாய் குறும்புக்காரி. தான் எழுதிய டயலில் ஆறுக்குக் கீழே சின்னதாக ஒரு பொட்டு வைப்பாள். முதலாளி திட்டினாலும் விடமாட்டாள். "எனக்க அடையாளமாக்கும். ஊரெல்லாம் எனக்க பொட்டு மின்னட்டு" என்பாள். ஒருநாள் பல்லெல்லாம் ரேடியத்தைப் பூசிக்கொண்டு இருட்டறையில் ஒளிந்திருந்தாள். லீமா உள்ளே போனதும் ஈயென்று பல்லைக் காட்டினாள். லீமா போட்ட கூச்சலில் சந்தையிலிருந்து நாலுபேர் மாடிக்கு ஓடிவந்தார்கள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்த வாய்தான் அழுகியது.

முதலில் ஒரு கடைவாய்ப்பல் வலித்தது. கிராம்பு எண்ணெய் வைத்தாள். பல் தானாக விழுந்தது. பிறகு அடுத்தது. புண் ஆறவில்லை. எந்நேரமும் கிராம்பு எண்ணெய் வாசனையோடுதான் வேலைக்கு வருவாள். ஒருநாள் கைக்குட்டையில் எதையோ துப்பி ஜெபகனியிடம் காட்டினாள். பல் இல்லை. தாடை எலும்பு. கடைசி மாதம் வேலைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கீழ்த்தாடையை எடுத்துவிட்டார்கள். ஜெபகனி பார்க்கப் போனபோது முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. பேச முடியாமல் ஜெபகனியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டு ஏதோ சொல்லப் பார்த்தாள். ஜெபகனிக்குப் புரியவில்லை.

மே மாதம் 12-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் 12.20-க்குச் செல்லபாய் செத்துப்போனாள்.

"பொயல போட்டா வாய் அழுகத்தான் செய்யும்" என்றார் முதலாளி. செல்லபாய் ஜென்மத்தில் புகையிலை தொட்டவள் இல்லை. சவப்பெட்டி மண்ணுக்குள் இறங்கி எட்டு நாள் ஆகவில்லை, "காலி பெஞ்சு எதுக்கு? ஒனக்க தங்கச்சிய கூட்டிட்டு வா" என்றார். ஜெபகனியும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். தேவகனிக்குப் பதினேழு வயது. பெஞ்சின் கடைசியில், செல்லபாய் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அக்காவைப் பார்த்துப் பிரஷை உதட்டில் வைத்தாள். ம்ச்.

இனிமேல் நடந்ததை நாள்வாரியாகச் சொல்கிறேன்.

ஜூன் 8, திங்கட்கிழமை. வெளியே சாரல். மணி 12.05. ஜெபகனி தட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். இருபத்திநாலு டயல். அவளே எண்ணி அடுக்கியது. விளக்கை அணைத்தாள். பச்சை எண்கள் மின்னின. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இருபத்திரண்டு. இருபத்திமூன்று. இருபத்திநாலு.

இருபத்தைந்து.

தட்டுக்கு வெளியே, மேஜை விளிம்பில், தனியாக ஒன்று. அதில் ஆறுக்குக் கீழே ஒரு பொட்டு.

பழைய டயல் ஏதோ கிடக்கிறது என்றுதான் நினைத்தாள். கையில் எடுத்தாள். பெருவிரல் வழுக்கியது. பூச்சு காயவில்லை... ஈரமாக இருந்தது.

அப்போதுதான் கிராம்பு எண்ணெய் வாசனை வந்தது.

வெளியே வந்து, "ஏட்டி தேவகனி, ஆறுக்குக் கீழ பொட்டு வச்சியா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்கு வைக்கேன்?"

"கிராம்பெண்ண யாரு வச்சிருக்கது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரிடமும் இல்லை.

ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. மணி 12.10. இந்தமுறை விளக்கை அணைக்கும் முன்பே மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டாள். ஒன்றும் இல்லை. அணைத்தாள்.

எண்ணினாள். இருபத்திநாலுதான். மூச்சு வந்தது.

ம்ச்.

அவள் அசையாமல் நின்றாள்.

ம்ச்... ம்ச்...

பிரஷை உதட்டில் வைத்து இழுக்கிற சத்தம். ஆனால் சரியாக இல்லை. கீழுதடு சேராமல் காற்று ஒழுகுகிற மாதிரி இருந்தது. சத்தம் மேலேயிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரம் மேல்தட்டில் காலி ரேடியம் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒரு நீலப்பெட்டியின் மூடிமேல் ஒரு டயல் நின்றுகொண்டிருந்தது. படுக்கவில்லை. நின்றுகொண்டிருந்தது. ஆறுக்குக் கீழே பொட்டு.

ஜெபகனி தட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள். டயல்கள் சிதறின. முதலாளி வாசற்படியில் நின்று அரைமணி நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் தேவகனி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

"என்னட்டீ?"

"பல்லு நோவுது அக்கா. கடைவாயில. கொஞ்சம் கிராம்பெண்ண வாங்குவோமா?"

ஜெபகனிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலும் தன் உதட்டைத் தொட்ட அந்த விரலும் கண்முன் வந்தன. அந்த ராத்திரி முழுக்கத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 10, புதன்கிழமை. மணி 12.08. இப்போது அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். உள்ளே போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். "செல்லபாய், நீ என்னத்தச் சொல்ல வாற? சொல்லித் தொலைட்டீ!" என்றாள் இருட்டைப் பார்த்து. நீலப்பெட்டியை எடுத்தாள்.

பெட்டி குளிர்ந்து கிடந்தது. மூடியைத் திறந்தாள். கிராம்பு வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே ஒரு காகிதம், நாலாக மடித்தது.

விளக்கைப் போட்டுப் படித்தாள். இங்கிலீஷ் அச்சு. ஏழாம் வகுப்பு இங்கிலீஷ்தான். எழுத்துக்கூட்டிப் படித்தாள். பாதிக்குமேல் புரியவில்லை. புரிந்ததே போதுமாக இருந்தது.

பிரஷை வாயில் வைக்கக் கூடாது. இந்த அறையில் சாப்பிடக் கூடாது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வேலை செய்கிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது. உள்ளே போனால் எலும்பில் தங்கும், எடுக்க முடியாது.

அடியில் பேனாவால் ஒரு வரி. 'படித்தேன். தொழிலாளிகளுக்குச் சொல்லிவிட்டேன்.' பொன்னுலிங்கம் கையெழுத்து. 1950, மார்ச்.

மூன்று வருஷம்! மூன்று வருஷமாக அந்த மனிதனுக்குத் தெரியும். தினமும் அந்த வாசற்படியில் நின்றுகொண்டு, அவர்கள் வாயில் வைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இவனையெல்லாம் என்ன செய்வது, சொல்லுங்கள்? பேயைப் பற்றிக் கதை கேட்க உட்கார்ந்தீர்களே, பேய் யாருக்கு என்ன கெடுதல் செய்தது?

ஜெபகனி காகிதத்தோடு நேரே வாசலுக்கு வெளியே இருந்த அவர் மேஜைக்குப் போனாள்.

"இது என்னதுய்யா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. கையை நீட்டினார். "கொண்டா, வாசிச்சுச் சொல்லுகேன்."

"எனக்கு வாசிக்கத் தெரியும். செல்லபாயக் கொன்னு போட்டியளே... எனக்க தங்கச்சியையும் கொல்லப் பாக்கியளா?"

வெடுக்கென்று பிடுங்கினார். பிடுங்கின வேகத்திலேயே தீக்குச்சியைக் கிழித்தார். காகிதம் அவள் கண்முன்னால் கருகிச் சுருண்டது.

"கேட்டுக்கோ ஜெபகனி" என்றார் மெதுவாக. "ஆஸ்பத்திரி டாக்டரு என்னத்தையோ எழுதிப் போட்டிருக்கான். நாளைக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் வாறாரு. நீ வாயத் தொறந்தா, ஒன் தங்கச்சிக்கு எலும்பழுகுற சீக்குன்னு தக்கலை வரைக்கும் நானே சொல்லுவேன். பெறவு அவளை எவன் கெட்டுவான்னு பாக்கட்டு. லீமாளுக்க புருசன் வீட்டிலயும் சொல்லுவேன். சொர்ணத்துக்க மக்கமாருக்கும் சேத்துத்தான். ஒருத்தியும் தப்பமாட்டிய."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர் எரியவிட்டவர்.

அன்று சாயங்காலம் நான்கு பெண்களும் கூடிப் பேசினார்கள். லீமா அழுதாள். "மைனி, எனக்கு ரெண்டு பிள்ளைய உண்டு. நான் எதும் சொல்லமாட்டேன்." சொர்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்க மவளுக்கு ஆவணியில கல்யாணம். என்ன விட்டுரு மக்கா." அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பயமுறுத்தினவன் ஒருவன் இருக்கும்போது பயந்தவர்களை எதற்கு ஏச வேண்டும்?

ஜூன் 11, வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கே முதலாளி எல்லோரையும் வரச்சொல்லிவிட்டார். உப்பும் கரியும் கொடுத்தார். வாசலில் காவல் நின்று, ஈறில் ரத்தம் வரும்வரை பல் தேய்க்க வைத்தார். தலைக்குக் குளித்து, புதுச் சேலை உடுத்தச் சொன்னார். பிரஷ் பக்கத்தில் ஆளுக்கொரு ஈரப் பஞ்சு வைத்தார். பார்க்கிறவன், இவ்வளவு சுத்தமான கம்பெனி உண்டா என்பான்.

ஜெபகனி ஒரு காரியம் செய்தாள். தேவகனியைக் கடைசி இடத்திலிருந்து எழுப்பி, லீமாவுக்கும் சொர்ணத்துக்கும் நடுவில் உட்கார வைத்தாள். பெஞ்சின் கடைசி காலியாகக் கிடந்தது.

மணி 11.40-க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கிளீட்டஸ் என்று பெயர். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு பெண்களைக் கேட்டார்.

"பிரஷை வாயில வைக்கிற வழக்கம் உண்டா?"

முதலாளி இருமினார்.

"இல்ல" என்றாள் லீமா. "இல்ல" என்றாள் சொர்ணம்மாள். தேவகனி அக்காவைப் பார்த்தாள். பிறகு முதலாளியைப் பார்த்தாள். "இல்ல" என்றாள், கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு.

ஜெபகனிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"உண்டு சார்! எல்லாரும் வைப்போம். நான்தான் சொல்லிக்குடுத்தேன். ஒருத்தி அதுலதான் செத்துப்போனா. வைக்கப்பிடாதுன்னு காயிதம் இருந்து. நேத்து இந்த மனுசன் எரிச்சுப்போட்டாரு."

முதலாளி சிரித்தார். "இவள நேத்து வேலைய விட்டுப் போகச் சொன்னேன் சார். அந்தக் கோவம். மத்தவளுவ சொன்னதக் கேட்டியள்லா? ஒரு அத்தாட்சி காட்டச் சொல்லுங்க."

முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். ஜெபகனி அதைப் பார்த்தாள். இந்த மனிதர் படியிறங்கிப் போய்விட்டால் நாளைக்குத் தேவகனி மறுபடியும் அந்த இடத்தில் உட்கார வேண்டும். அப்போது செல்லபாய் பல்லைக் காட்டிச் சிரித்த அந்த நாள் ஞாபகம் வந்தது.

"சார், இருட்டறைக்கு வாங்க. வெளக்க அணச்சுட்டு எங்க வாயப் பாருங்க. மின்னுதா இல்லியான்னு நீங்களே பாருங்க."

முதலாளி தடுக்கவில்லை. தடுப்பானேன்? உப்பும் கரியும் போட்டுத் தேய்த்த வாய்தானே. "பாருங்க சார், நல்லாப் பாருங்க" என்றார்.

இருட்டறையிலும் ஒரு நீளப் பெஞ்சு உண்டு. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். லீமா, தேவகனி, சொர்ணம்மாள். எதிரே இன்ஸ்பெக்டர் நின்றார். அவருக்குப் பின்னால் முதலாளி. ஜெபகனி சுவிட்சுப் பக்கம், திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பெஞ்சு தெரியாது. இன்ஸ்பெக்டரின் முதுகுதான் தெரியும்.

மணி 12.20.

விளக்கை அணைத்தாள்.

"வாயத் தொறங்கட்டீ" என்றாள்.

இருட்டு.

ஒரு நிமிஷம் ஆனது. முதலாளி மூக்கால் சிரிப்பது கேட்டது.

போச்சு என்று நினைத்தாள் ஜெபகனி. எல்லாம் போச்சு.

அப்போது வாசனை வந்தது.

கிராம்பு...

பெஞ்சு கிறீச்சென்றது. யாரோ புதிதாக உட்காருகிற மாதிரி.

ம்ச்.

காற்று ஒழுகுகிற அந்தச் சத்தம்.

ம்ச்...

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது.

இன்ஸ்பெக்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவர் முதுகு ஜெபகனியின் தோளில் வந்து இடித்தது. அந்த முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது.

"போதும்மா" என்றார். "போதும்... மூடிக்கோங்க."

ஜெபகனி விளக்கைப் போட்டாள்.

பெஞ்சில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மூன்று பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்கள். முதலாளியைக் காணோம். திரை ஆடிக்கொண்டிருந்தது, படியில் தடதடவென்று யாரோ இறங்கி ஓடுகிற சத்தம். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெஞ்சின் கடைசியையே வெகுநேரம் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய் மேஜையில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். ஒரு மணிக்குக் கம்பெனிக் கதவில் அரக்கு முத்திரை வைத்தார். போகும்போது ஜெபகனியிடம் மட்டும், "நீங்க சொன்னது சரிதாம்மா" என்றார்.

வீட்டுக்குப் போனதும் ஜெபகனி தங்கச்சியைக் கட்டிக்கொண்டாள். "நல்லவேளை, ஒனக்க வாயி மின்னிச்சு. அதத்தான் அவரு பாத்திருக்காரு."

தேவகனி அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"நான் வாயத் தொறக்கவே இல்ல அக்கா. வெளக்கு அணஞ்சதும் பயந்துபோயி இறுக்க மூடிக்கிட்டேன்."

லீமாவைக் கேட்டாள். அவளும் திறக்கவில்லை. சொர்ணம்மாளும் திறக்கவில்லை. முதலாளி சொன்னதுக்குப் பயந்து மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் குளிர் அடித்தது என்று மட்டும் சொர்ணம்மாள் சொன்னாள். அவள்தான் காலியிடத்துக்கு அடுத்து இருந்தவள்.

பிறகு அந்தக் கம்பெனி திறக்கவில்லை. பொன்னுலிங்கம் ஊரைவிட்டே போனார். இன்ஸ்பெக்டர் எழுதின காகிதம் என்ன ஆயிற்று, இனி இந்த வேலைக்குச் சட்டம் வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே போயிற்று என்றார்கள். மேலே என்றால் எங்கே? கட்டுக்குள் கட்டாக ஏதோ அலமாரியில். செத்தது ரேந்தைக்காரிதானே, மந்திரி வீட்டுப் பெண்ணா! தேவகனிக்கு இரண்டு பல் போயிற்று, அதோடு நின்றது. கல்யாணமும் நடந்தது. ஜெபகனிக்கு முப்பத்தைந்து வயதில் ஒரு பல்கூட இல்லை.

1956 நவம்பரில் நம்முடைய ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. திருவனந்தபுரத்திலிருந்து பழைய காகிதக் கட்டுகளெல்லாம் வண்டி வண்டியாக வந்தன. லீமாவின் புருஷன் தேவகுமார் தக்கலையில் ஒரு ஆபீசில் கிளார்க். கட்டுகளைப் பிரித்து அடுக்குகிற வேலை அவருக்கு. டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை கலைந்ததும் ஜெபகனியைத் தேடி வந்தார். முகம் சரியாக இல்லை.

"வடசேரி வாட்ச் கம்பெனி ரிப்போர்ட் கெடச்சுது. அதுல ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல. அண்ணைக்கு இருட்டறையில பெஞ்சில எத்தன பேரு இருந்திய?"

"மூணு பேரு. நான் சுவிட்சுப் பக்கம் நின்னேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இங்கிலீஷில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

'பெஞ்சில் நான்கு பெண்கள் இருந்தார்கள். விளக்கு அணைந்ததும் முதல் மூவரும் வாயைத் திறக்கவில்லை. பகல் 12.21-க்குக் கடைசியில் இருந்த நான்காவது பெண் வாயைத் திறந்து காட்டினாள். மேல்வரிசைப் பற்கள் பச்சையாக ஒளிர்ந்தன. கீழ்த்தாடை இல்லை. அவள் பேசவில்லை. பிரஷை வாயில் வைப்பது உண்டா என்று நான் முன்பு கேட்டதற்குப் பதிலாக, பச்சையாக மின்னிய விரலால் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். விளக்கு வந்தபோது அவள் வெளியே போய்விட்டிருந்தாள்.'

ஜெபகனி தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார் தேவகுமார். தாளை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, எழுத்துக்கூட்டித் தானே படித்தாள்.

'நான்காவது பெண்ணை இன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் பிழைக்கமாட்டாள்.'